ஐந்தாவது நாக்கு

பெருமாள்மலை தாண்டி கொடைக்கானல் சாலையில் ஒரு வளைவு உண்டு. வருஷத்தில் பாதி நாள் அங்கே மேகம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேகம் எழுந்து போகிற நேரத்தில் பார்த்தால் வெள்ளைக்காரன் கட்டிய ஒரு பங்களாவும், 'பழனிமலை கிரேப் ஃப்ரூட் ஒப்பீட்டு வாரியம்' என்ற பச்சைப் பலகையும் தெரியும்.

கிரேப் ஃப்ரூட் என்பது பம்பளிமாசுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பழம். தின்றால் முதலில் புளிக்கும், நடுவில் கொஞ்சம் இனிக்கும், கடைசியில் கசந்துவிட்டுப் போகும். எங்கள் வடகவுஞ்சிக்காரர்கள் அதை போர்டுப் பழம் என்றே சொல்வார்கள். போர்டைத் தவிர வேறு யாரும் அதைத் தின்று பார்த்ததில்லை.

வாரியத்தின் வேலை சுலபமானது. வெள்ளைச் சுளை மார்ஷ், கொட்டை நிறைந்த டங்கன், இளஞ்சிவப்பு ஃபாஸ்டர், ரத்தச் சிவப்பு ஸ்டார் ரூபி என்ற நாலு ரகங்களில் எது ருசி, எது உடம்புக்கு நல்லது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நாலையும் அறுத்து ஒரு மத்தியானம் தின்று பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். அதனால்தான் வாரியம் வைக்க வேண்டியதாயிற்று.

சுவைத்துப் பார்க்க ஐந்து பேர் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நாக்கு உறுப்பினர்கள் என்று பெயர். ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருவர், ஒரு பேராசிரியர், ஏரிக்கரையில் ஹோட்டல் நடத்துகிற ஒருவர், விவசாயிகளின் சார்பில் எங்கள் ஊர் நாச்சிமுத்து. வாரியத்து ஜீப் ஒருமுறை சேற்றில் மாட்டியபோது தள்ளிவிட்டவர் அவர். அந்தத் தகுதி போதுமென்று இயக்குநர் மனோஜ்குமார் முடிவு செய்தார்.

நாச்சிமுத்துவுக்குப் பூண்டு வெள்ளாமை. நாக்கு உறுப்பினரானவுடன் அவருக்கு வந்த முதல் உத்தரவு, பூண்டு தின்னக்கூடாது என்பது. அடுத்து காப்பி கூடாது. வெற்றிலை கூடாது. சுவைக்கும் நாளில் கண்காணிப்பாளர் ராஜகுமாரி டார்ச் அடித்து ஐந்து நாக்குகளையும் பரிசோதிப்பார். பிறகு சுளை வரும். ஒவ்வொரு சுளைக்கும் தொடக்கக் கசப்பு, இடைக்கசப்பு, விடைபெறும் கசப்பு என்று தனித்தனியே மதிப்பெண் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எல்லோரும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, "இது இதயத்துக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். தண்ணீர் மட்டும் தரமாட்டார்கள். தண்ணீர் குடித்தால் நாக்குக்கு மறதி வந்துவிடும் என்பது வாரியத்தின் கருத்து.

நாச்சிமுத்து பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை போடுகிறவர். தண்ணீர் இல்லாததால் பழச்சாற்றிலேயே விழுங்கினார். அதையும் ராஜகுமாரி பார்த்தார், இயக்குநர் பார்த்தார். பழச்சாறு வீணாகாமல் பயன்படுவதில் அவர்களுக்குத் திருப்திதான்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. சுளையைச் சப்பிவிட்டுத் தோலைத் துப்பமாட்டார். விரலால் எடுத்து, சுருக்கம் நீவி, தட்டின் ஓரத்தில் விரித்து வைப்பார், வத்தல் காயப்போடுவதுபோல. வீட்டில் ஆரஞ்சு தின்றாலும் அப்படித்தான். "தின்னுட்டுத் தூக்கிப் போடாம, அதுக்குப் பாய் விரிச்சுப் படுக்க வைக்கிறீகளாக்கும்" என்று மனைவி வேலுத்தாய் கேலி பேசுவாள். ஆனாலும் அவர் வாரியத்துக்குப் போவதில் அவளுக்குப் பெருமை இருந்தது. தெருவில் யாராவது கேட்டால், "பெரியாளுக கூடச் சரிசமமா உக்காந்து திங்கப் போயிருக்காக" என்பாள்.

மார்ஷ் முடிந்தது. டங்கன் முடிந்தது. ஃபாஸ்டரை ருசி பார்த்துக்கொண்டிருந்த நாளில் நாச்சிமுத்துவின் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. உறுப்பினர் ஆமோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஃபாஸ்டருக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். எல்லோரும் நெஞ்சில் கை வைக்க எழுந்தபோதுதான் அவர் மட்டும் எழவில்லை என்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா வேலுத்தாயிடம் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். என்ன சாப்பிட்டார், எதோடு விழுங்கினார் என்று கேட்டார்.

"சில மாத்திரையோட இந்தப் பழம் சேரக்கூடாதும்மா. மருந்து உடம்புல அளவுக்கு மேல தங்கிப் போகும். ஒண்ணு போட்டா ரெண்டு மூணு போட்ட மாதிரி ஆயிரும். இவர் போனதுக்கு இதுதான் காரணம்னு என்னால எழுதித் தர முடியாது. ஆனா இது யாராவது ஒருத்தர் அவர்கிட்ட சொல்லியிருக்க வேண்டிய விஷயம்."

கருமாதி முடிந்ததும் வேலுத்தாய் வாரியத்துக்குப் போனாள். இழப்பீடு கேட்கப் போனதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் கேட்கப் போனது ஒரே ஒரு வரி.

வாசலில் ஆளுயரத்துக்கு இன்னொரு பலகை உண்டு. 'கிரேப் ஃப்ரூட்டின் பத்து நன்மைகள்.' நோய் எதிர்ப்புச் சக்தி, வைட்டமின், தோல் மினுமினுப்பு என்று போகும். அதற்குக் கீழேயே சுப்புராஜ் என்பவர் வாரியத்துப் பழச்சாறு விற்பார். திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற வயதானவர்கள் இதயத்துக்கு நல்லது என்று வாங்கிக் குடித்துவிட்டு வேனில் ஏறுவார்கள்.

"மாத்திரை திங்கிறவுக டாக்டரக் கேட்டுட்டுக் குடிங்கன்னு ஒரு வரி அதுல எழுதிருங்க சார். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் வேலுத்தாய்.

மனோஜ்குமார் நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர்தான்.

"அம்மா, உங்க வேதனை எனக்குப் புரியுது. நானும் கொழுப்புக்கு மாத்திரை போடுறவன்தான். ஆனா அந்தப் பலகை இருக்கே, அது இடைக்கால அறிக்கை. ஒப்பீடு முடிஞ்சாத்தான் அதுல ஒரு எழுத்துக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஒப்பீடு எங்க நிக்குது? ஸ்டார் ரூபில நிக்குது. நாலு நாக்கு சொல்லிருச்சு. உங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லலை."

"அவுக செத்துப் போய்ட்டாகளே சார்."

"அது எங்களுக்கும் வருத்தம்தான். இரங்கல் தீர்மானம்கூடப் போட்டோம். ஆனா அவரோட பதவிக்காலம் இன்னும் இருக்கு. ராஜினாமாவும் தரலை. இறப்பு காரணமா நாக்கு காலியாகும்னு எங்க விதியில எங்கேயும் இல்லைம்மா. விதியை எழுதினவங்க அவ்வளவு நம்பிக்கையோட எழுதியிருக்காங்க."

வெளியே வந்தவளை ராஜகுமாரி ஓரமாக அழைத்துப் போனார். சுவைக்கூடத்தில் பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் மேகம் புகுந்து மேசைக்குக் கீழே தரையோடு ஊர்ந்தது. ஐந்து நாற்காலிகள். ஐந்தாவதில் நாச்சிமுத்துவின் பெயர் அப்படியே இருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டு.

"ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சுளை வைக்கச் சொல்லி உத்தரவு, அக்கா. வைக்கிறது நான்தான். ஸ்டார் ரூபியைத் தொடவே இல்லை. சரி, பழகின ருசியா இருக்கட்டும்னு போன கூட்டத்துல ஒரு ஃபாஸ்டர் சுளை வச்சேன். கதவைப் பூட்டிட்டுப் போய்த் திரும்பி வந்தா..." ராஜகுமாரி தட்டின் பக்கம் திரும்பினார். கையால் மட்டும் காட்டினார்.

தட்டில் சிவப்புச் சுளை ஒன்று வாடிக் கிடந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு தோல், சுருக்கம் நீவி, விரித்து வைக்கப்பட்டிருந்தது.

வேலுத்தாய் கையை நீட்டினாள். தொட்டுப் பார்த்தாள். ஈரம் காயவில்லை. செத்த பிறகும் அந்த மனுஷனை உட்கார வைத்துத் தின்ன வைக்கிறார்களே என்று அவளுக்கு அடக்க முடியாத கோபமும், அவர் இங்கேதான் இருக்கிறார் என்று ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷமும் சேர்ந்து வந்தன. "தண்ணியாவது வைங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"விதியில இடமில்லைக்கா" என்றார் ராஜகுமாரி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அதன் பிறகு வேலுத்தாய் பல தடவை நடந்தாள். பஸ் வெள்ளனே வரும், வாரியம் தாமதமாகத் திறக்கும். மேகத்துக்குள் உட்கார்ந்து காத்திருப்பாள். காத்திருக்கும்போது, யாரோ ஒரு பெரியவர் தம்ளரை வாங்குவதும், சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுப்பதும் கண்ணில் படும். ஓடிப்போய்ச் சொல்வாள். சிலர் கேட்டார்கள். பலர், யாரோ கிறுக்குப் பிடித்த பொம்பளை என்று பலகையைக் காட்டிவிட்டுக் குடித்தார்கள். பலகை அவளைவிட உயரம்.

ஒருநாள் மனோஜ்குமாரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு களை.

"அம்மா, வழி கிடைச்சிருச்சு. உங்க வழக்கத்துல வருஷா வருஷம் திதிக்குப் படையல் போடுவீங்கள்ல? இறந்தவங்களுக்குப் பிடிச்சதை இலையில வைப்பீங்க. காக்கா வந்து எடுத்தா அவங்க வந்து சாப்பிட்டதா அர்த்தம். சரிதானே?"

"ஆமா சார்."

"அதை நம்ம புல்வெளியில, வாரியத்தின் முன்னிலையில வச்சுக்குவோம். நாலு ரகத்தையும் வைப்போம். ஸ்டார் ரூபியைத் தொட்டா அதுதான் அவர் மதிப்பெண். ஒப்பீடு முடிஞ்சுது, உங்க வரியையும் பரிசீலிச்சிடலாம். இந்த நாட்டுல எந்த வாரியமும் இறந்த உறுப்பினருக்கு இவ்வளவு மரியாதை செஞ்சதில்லைம்மா."

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சரி என்றாள்.

திதியன்று ஐந்தாவது நாற்காலியைத் தூக்கிவந்து புல்லில் போட்டார்கள். நாலு நாக்குகளும் கம்பளிச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். வேலுத்தாய் விடியுமுன் எழுந்து பூண்டுக்குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவருக்கு உயிர் அது. ராஜகுமாரி தூக்குவாளியைத் திறந்து முகர்ந்துவிட்டு இயக்குநரைப் பார்த்தார்.

"பூண்டு கூடாதும்மா. சுவைக்கு முன்னால நாக்கு சுத்தமா இருக்கணும்" என்றார் மனோஜ்குமார்.

"காக்காவுக்குமா சார்?"

"காக்கா இன்னைக்கு உறுப்பினர் சார்பா வருதும்மா."

குழம்பை ஜீப்பில் வைத்துவிட்டார்கள். இலையில் நாலு சுளைகள் மட்டும் இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் ரகத்தின் பெயர். வேலுத்தாய் முந்தானையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். அவர் பாதி தின்று மிச்சம் வைத்துப்போனது. தினமும் அவர் தொட்ட பொருள் இலையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பீடி குடிப்பவருக்குப் பீடி வைப்போம். அட்டையை இலையின் ஓரத்தில் வைத்து, ஒரு செம்புத் தண்ணீரையும் வைத்தாள். தண்ணீரைப் பேராசிரியர் ஆட்சேபித்தார். வேலுத்தாய் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மேகம் வந்தது. எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு வந்தது. அவரவர் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகிற மாதிரி ஒரு நிசப்தம். அதற்குள்ளிருந்து ஒரு மலைக்காக்கை இறங்கி நாற்காலியின் முதுகில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து நாலு நாக்குகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. ஹோட்டல்காரர் தன்னையறியாமல் வாயை மூடிக்கொண்டார்.

காக்கை இலைக்கு இறங்கியது. மார்ஷைத் தாண்டியது. டங்கனைத் தாண்டியது. ஃபாஸ்டரின் முன் கொஞ்சம் நின்று, தாண்டியது. ஸ்டார் ரூபியைக் காலால் ஒதுக்கியது. செம்பில் அலகை விட்டு நெடுநேரம் தண்ணீர் குடித்தது. பிறகு மாத்திரை அட்டையைக் கவ்விக்கொண்டு பறந்து மேகத்துக்குள் போய்விட்டது.

வேலுத்தாய் கும்பிட்டபடி நின்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான் என்று நினைத்தாள்.

வாரியம் அங்கேயே கூடியது. மனோஜ்குமார் தீர்மானத்தைக் குரல் நடுங்க வாசித்தார்.

"மறைந்த உறுப்பினர் ஸ்டார் ரூபியைத் தம் காலால் தொட்டு அங்கீகரித்துள்ளார். எனவே ஒப்பீடு நிறைவடைகிறது. ஸ்டார் ரூபி முதலிடம் பெறுகிறது. மேலும், பழங்கள் அருகில் இருந்தபோதே உறுப்பினர் மாத்திரையைத் தாமாக விரும்பி ஏற்றுக்கொண்டதால், பழத்துக்கும் மாத்திரைக்கும் பகை இல்லை என்பது சந்தேகமின்றி நிரூபணமாகிறது. ஆகவே எச்சரிக்கை வரி தேவையில்லை. உறுப்பினரின் தியாகத்தைப் போற்றும் வகையில் அவரது நாற்காலி இனி பழச்சாறு விற்கும் இடத்தில், மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்."

நாலு பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள். "இது இதயத்துக்கு நல்லது."

வேலுத்தாய் அழவில்லை. இலையை மடித்தாள், செம்பைக் கவிழ்த்தாள். நாற்காலியின் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"ஏங்க, நானும் நடையா நடந்து சொல்லிப் பாத்துட்டேன். என் சொல்லு எடுபடலைங்க. இனிமே நீங்களே சொல்லிக்கங்க."

எல்லோருக்கும் கேட்டது. ஆனால் கூட்டம் முடிந்த பிறகு பேசியதால் யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

நாற்காலி சுப்புராஜின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மாலை போட்டார்கள். அடுத்த வாரமே விற்பனை படுத்துவிட்டது. வாங்குகிறவர்கள் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோவார்கள், நிற்பார்கள், பக்கத்தில் பார்ப்பார்கள், அப்படியே கீழே வைத்துவிட்டுப் போவார்கள். சுப்புராஜ் ஒருவரை மறித்துக் கேட்டார்.

"என்ன சார், புளிப்பா?"

"இல்லப்பா. அந்தப் பெரியவர் மாத்திரை போடுறீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப வேணாம், டாக்டரக் கேட்டுட்டு வாங்கன்னாரு. நல்ல மனுஷன். எங்க போயிட்டாரு?"

மாத்திரை போடாதவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் குடித்துவிட்டு, கசக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

புகார் மேலே போனது. மனோஜ்குமார் நேரில் ஆய்வுக்கு வந்தார். நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தார், ஒயர் எதுவும் இருக்கிறதா என்று தடவினார். பிறகு ஒரு தம்ளர் வாங்கி உதட்டில் வைத்தவர், "ஆமாங்க, கொழுப்புக்கு ராத்திரி ஒண்ணு" என்று பணிவாகப் பதில் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் யாருக்குப் பதில் சொன்னோம் என்பது உறைத்தது. தம்ளரை வைத்துவிட்டுக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே, வாரியத்தின் நலனுக்கு விரோதமாகப் பேசியதற்கு விளக்கம் கேட்டு நாற்காலியின் முதுகில் ஒரு குறிப்பாணை ஒட்டப்பட்டது. விளக்கம் வரவில்லை.

சுப்புராஜ் பஸ் டிரைவரிடம் சொல்லிவிட்டு வேலுத்தாயை வரவழைத்தார். "அக்கா, பயமா கெடக்கு. ஆனா ஒங்க வீட்டுக்காரர் கொரல்தான். அவரு ஜீப் தள்ளையில நான் கேட்டிருக்கேன்."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "சாப்பிட்டீகளா?" என்றாள். "குளிருதாங்க?" பதில் இல்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழப்போகும்போது என்னவோ தோன்ற, ஒரு தம்ளர் கேட்டு வாங்கினாள். அவர் போன பிறகு அவளுக்கும் பிரஷர் வந்திருந்தது. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஏத்தா, மாத்திரை போடுறியா?"

காதோரம். பூண்டு வாசம்கூட வந்தது.

"போடுறேங்க."

"அப்ப வச்சிரு."

வைத்தாள். அன்று பஸ்ஸில் வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தாள் என்று கண்டக்டர் சொன்னார். மறுநாளும் போனாள். அடுத்த நாளும் போனாள். காட்டுச் சோலியை வெரசா முடித்துவிட்டுப் போய், ஒரு தம்ளர் வாங்கி, வாய்வரை கொண்டுபோய், வைத்துவிட்டு வருவாள். வாரியத்தின் ஆண்டறிக்கையில் 'விவசாயப் பெருமக்களிடையே பழச்சாற்றுக்குப் பெருகும் ஆதரவு' என்று ஒரு பத்தி வந்தது. அது அவள்தான்.

கடைசியில் மனோஜ்குமார் அவளிடமே வந்து நின்றார்.

"அம்மா, உங்க வரியை எழுதிடறோம். பெரிய எழுத்துலயே எழுதறோம். அவரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. சொன்னா உங்க பேச்சைக் கேப்பாரு."

இதற்குத்தான் அவள் அத்தனை நாள் நடந்தாள். ஆனால் எழுதிவிட்டால் அவர் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது. கேட்காவிட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை? "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள். நாளைக்கும் அதையே சொன்னாள். ஒரு நாள், பலகையைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் சுப்புராஜின் வண்டிக்கு வராமல், வாரியத்துக்குள்ளே போய்ப் பழத்தையே கூடையோடு வாங்கி வேனில் ஏறினாள். நாற்காலி கேட்க முடியாத தூரம். வேன் மேகத்துக்குள் மறைந்தது. வேலுத்தாய் கையிலிருந்த தம்ளரை வண்டியில் வைத்தாள். நேரே உள்ளே போனாள்.

"எழுதுங்க சார்" என்றாள்.

எழுதுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. நன்மைகளுக்குத்தான் பலகையில் இடமுண்டு, தீமைகளுக்கு வாரியம் தலைப்பே ஒதுக்கவில்லை. யோசித்து, 'பத்து நன்மைகள்' என்பதைப் 'பதினொரு நன்மைகள்' என்று திருத்தி, பதினொன்றாவதாக எழுதினார்கள்: மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பழத்தைச் சாப்பிடக் கூடாது.

வர்ணம் காய்ந்தது. நாச்சிமுத்துவுக்கு விடுவிப்பு ஆணை வழங்கி, நாற்காலியை உள்ளே எடுத்துப் போனார்கள்.

வேலுத்தாய் ஒரு வாரம் கழித்து வந்தாள். சுப்புராஜ் ஒன்றும் கேட்காமல் தம்ளரை நீட்டினார். நாற்காலி இருந்த இடத்தில் நின்று, தம்ளரை உயர்த்தினாள். உதட்டில் பட்டது. காத்திருந்தாள். மேகம் வந்து பங்களாவை மூடி, வண்டியை மூடி, சுப்புராஜை மூடியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் தலையைத் தூக்கினாள். வெண்மைக்குள் பலகையின் கடைசி வரி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்தாள்.

"போடுறேங்க" என்று பலகையிடம் சொல்லிவிட்டு, தம்ளரைக் கீழே வைத்தாள்.